மூன்றாம் மாடிக்குச் சாமான்

குகட்பள்ளி,
12 ஜூன் 2006

அன்புள்ள தம்பி இளங்கோவனுக்கு,

அக்கா பூங்கோதை எழுதுவது. நீயும் கமலாவும் ஸ்ரேயாவும் பூனாவில் நலமாக இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

போனில் சொல்லலாமே என்பாய். நாலு வாக்கியம் பேசினால் ஐந்தாவதற்கு என்னிடம் மூச்சு இல்லை. நீயும் உடனே, அக்கா நீ ரெஸ்ட் எடு, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறாய். இருபத்தாறு வருஷம் தொழிற்சாலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையெல்லாம் பேசவைத்தவள் நான். இப்போது காகிதத்தில்தான் கத்த முடிகிறது. கத்தப் போகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

நேற்று முன்தினம் என் கூடையின் கயிற்றை அறுத்துவிட்டார்கள்.

என்ன கூடை, என்ன கயிறு என்று உனக்குத் தெரியாது. நீ கடைசியாக இங்கே வந்தபோது நான் தட்டுத் தடுமாறியாவது மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷமாக இறங்கவில்லை. நம் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படி. ஆக்சிஜன் மிஷினின் குழாய் இருபத்தைந்து அடி. அது படுக்கையறையிலிருந்து சமையலறைக்கும் அதை ஒட்டிய பின்பக்கத்து பால்கனிக்கும் எட்டும், முன்பக்கத்து பால்கனிக்கு எட்டும், வாசல் கதவுக்கு எட்டும். கதவைத் தாண்டி எட்டாது. என் உலகம் அவ்வளவுதான்.

அந்த முன்பக்கத்து பால்கனி வழியாகத்தான் எனக்குச் சாப்பாடு வந்தது. தெருமுனையில் கிரானா கடை வைத்திருக்கும் வீரேசம் தினமும் பத்தரை மணிக்குத் தன் மொபெட்டில் வருவார். ஹாரனை இரண்டு முறை அடிப்பார். நான் கயிற்றில் கட்டிய மூங்கில் கூடையை இறக்குவேன். முதல்நாளே எழுதி அனுப்பிய சீட்டுப்படி பால், முட்டை, ரவை, பருப்பு எல்லாம் அதில் வைப்பார், நான் இழுத்துக்கொள்வேன். நாலு இழுப்பு, ஒரு ஓய்வு, நாலு இழுப்பு. அவர் கீழேயே நின்று கூடை மேலே வந்துசேரும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு உப்பு ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை ஆசைப்பட்டு அப்பளம் என்று எழுதிவிட்டேன். அப்பளத்துக்குப் பதிலாக நாலு சப்போட்டாவும், டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் அம்மா என்று தெலுங்கில் ஒரு சீட்டும் வந்தது.

எனக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் ஜெஸ்ஸி இருக்கிறாள். அவள் கணவர் இருதயராஜ் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து உருண்டுவிடுவார் என்று அவளால் பத்து நிமிஷம் வெளியே போக முடியாது. கூடை மேலே போகும் வழியில் அவள் பால்கனியில் நிற்கும், அவளுக்கு உள்ளதை எடுத்துக்கொள்வாள். இதனால் யாருக்கு என்ன கெட்டது?

கெட்டதாம். இப்போது நம் காலனியை நீ பார்க்க வேண்டும். ஹைடெக் சிட்டியில் வேலை செய்யும் பிள்ளைகள் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள், கேட்ட வாடகையைக் கொடுக்கிறார்கள். நம் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. அதில் மூன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் சுதாகர் என்பவர்தான் இப்போது அசோசியேஷன் செயலாளர். கட்டடத்துக்கு பிஸ்கட் நிறத்தில் பெயின்ட் அடிக்கிறார். வாசலில் இரும்பு கேட் போட்டு வாட்ச்மேன் வைத்திருக்கிறார். எல்லாம் நல்லதுதான். கூடவே மாடிப்படிக்குக் கீழே ஒரு நோட்டீசும் ஒட்டியிருக்கிறார். வியாபாரிகள் கேட்டுக்குள் வரக் கூடாது, பால்கனியிலிருந்து கயிறோ கூடையோ தொங்கவிடக் கூடாது, சாமான் எதுவானாலும் கேட்டில் வைக்கப்படும், வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். படி இறங்கினால்தானே அந்த நோட்டீஸை நான் படிக்க முடியும்? ஜெஸ்ஸி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

நான் சட்டை செய்யவில்லை. பெயின்ட் அடிக்கும் வரைக்கும் ஒரு பேச்சு, பிறகு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை வழக்கம் போலக் கூடையை இறக்கினேன். வீரேசம் பாலை வைத்தார், முட்டையை வைத்தார். அப்போது சுதாகர் வந்தார். புதுச் சுவரில் கயிறு உரசிக் கோடு விழுகிறது, நோட்டீஸ் பார்க்கவில்லையா என்று வீரேசத்திடம் கேட்டார். மேலே இருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சார் என்றார் வீரேசம். உடம்பு சரியில்லாதவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நான் என்ன செய்வது என்றார் இவர். நான் மேலே நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் என் வாயில் இருக்கிறது, மூன்று மாடிக்குக் கேட்கும்படி சொல்ல மூச்சு இல்லை. முடிந்த மட்டும் வேகமாக இழுத்தேன். கூடை முதல் மாடி உயரத்துக்கு வந்திருக்கும். சாரத்தில் நின்றுகொண்டிருந்த பெயின்டர் பையனிடம் கையைக் காட்டினார். அவன் பாவம், என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கயிற்றை பிளேடால் அறுத்தான்.

இழுத்துக்கொண்டிருந்த என் கையில் திடீரென்று கனம் இல்லாமல் போயிற்று. நான் பின்பக்கமாகச் சாய்ந்து கதவில் இடித்துக்கொண்டேன். தோளில் இன்னும் வலி இருக்கிறது. அதை விடு. ஐம்பத்தாறு வயதில் என் கையிலிருந்து சோற்றைப் பிடுங்கியது போல இருந்தது தம்பி. அப்பா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அழுதால் மூச்சு முட்டும் என்று தெரிந்தும் அழுதேன்.

வீரேசம் சாமான்களை வாட்ச்மேனிடம் கொடுத்து மேலே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். கேட்டை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும் என்று வாட்ச்மேன் கும்பிட்டானாம். அன்று மத்தியானம் ஜெஸ்ஸி கொண்டுவந்த ஒரு டம்ளர் கஞ்சிதான்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. வீடு உன் பேரில் இருக்கிறது. அப்பா எழுதிவைத்தபோது, எனக்குப் பிறகு உனக்குத்தானே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அசோசியேஷனில் ஓனர் பேச்சுக்குத்தான் மதிப்பாம், நான் வெறுமனே குடியிருப்பவளாம். ஆகவே ஓனர் என்கிற முறையில் சுதாகருக்கு ஒரு கடிதம் எழுது. காரமாகவே எழுது. காரம் போதவில்லையானால் எனக்குத் தெரியப்படுத்து, நான் சேர்த்து அனுப்புகிறேன்.

ஸ்ரேயாவின் பத்தாம் வகுப்பு மார்க்கைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எவ்வளவு வாங்கியிருந்தாலும் குழந்தையைத் திட்டாதே.

உன் அன்புள்ள அக்கா,
பூங்கோதை


குகட்பள்ளி,
27 ஜூன் 2006

இளங்கோவனுக்கு,

என் கடிதம் கிடைத்ததாகப் போனில் சொன்னாய். சுதாகர் ரொம்ப டீசன்டான மனிதர், பேசிச் சரிசெய்துவிடலாம் அக்கா, நீ டென்ஷன் ஆகாதே என்றாய். சுதாகரை உனக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாவது வாக்கியமாக இருந்திருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கயிறு போனபிறகு ஜெஸ்ஸிதான் நடுநடுவே ஓடிப்போய்க் கேட்டிலிருந்து சாமான் எடுத்துவந்தாள். அப்போது சுதாகரே எனக்கு ஒரு வழி சொன்னார். மேடம், பக்கத்தில் புதுசாக சூப்பர் மார்க்கெட் வந்திருக்கிறது, ஃப்ரீ டோர் டெலிவரி, இந்தக் காலத்தில் போய்க் கூடை எதற்கு என்றார். சரி, அதையும் பார்ப்போம் என்று போன் செய்தேன். ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்தால் கொண்டுவர மாட்டார்களாம். எனக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சாப்பிட வயிறு ஏது? இருந்தாலும் பத்து நாள் சாமானைச் சேர்த்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கீழேயிருந்து போன் வந்தது. உங்கள் கட்டட ரூல்படி கேட்டோடு சரி, இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் அந்த ஆள். டோர் டெலிவரி என்றால் எந்த டோர் என்று கேட்டேன். மெயின் டோர் மேடம் என்று சொல்லிவிட்டு, வெயிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிறது. மஞ்சள் பை இரண்டு. ஒன்றில் பால், தயிர், ரொட்டி. ஒரு நாய் வந்து மோந்து பார்த்தது. வாட்ச்மேன் அதை விரட்டினான், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து இரண்டு கையையும் விரித்தான். ஜெஸ்ஸிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. இருதயராஜைக் குளிப்பாட்டும் நேரம். அரை மணி பார்த்தேன். கிடக்கிறது பால் என்று விட்டிருக்கலாம்தான். எனக்கு அன்று கோபம், தம்பி. ஆறு வயதுக் குழந்தைகூட ஓடிப்போய் எடுத்துவிடும் தூரத்தில் என் பணம் போட்டு வாங்கிய சோறு கிடக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

முதல் பதினெட்டுப் படி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வளைவில் கண் இருட்டியது. படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது. பிறகு ஜெஸ்ஸியின் குரல். கணவரைப் பாதிக் குளியலில் நாற்காலியோடு துணியால் கட்டிப்போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். என் உதடு நீலம் பாரித்திருந்ததாம். அவள் போட்ட சத்தத்தில், கேட்டை விட்டு நகரக் கூடாத அந்த வாட்ச்மேன் ஓடிவந்து, என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கிக்கொண்டு போனான். குழாயை மாட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு அடுத்த சுவரில் இருக்கும் காலண்டர் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்தார். இதுவரை இரண்டு லிட்டரில் ஓடிய ஆக்சிஜனை மூன்றாக்கிவிட்டுப் போனார். கேட்டை விட்டு நகர்ந்ததற்காக வாட்ச்மேனுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்களாம். அவன் எனக்குச் சொல்லவில்லை, ஜெஸ்ஸி கேள்விப்பட்டுச் சொன்னாள்.

மறுநாள் சுதாகர் என்னைப் பார்க்க வந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், கையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். ரொம்ப வருத்தம் மேடம் என்றார். என் மேல் கோபப்படாதீர்கள், ரூல் நான் ஒருவன் போட்டதில்லை, ஓனர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டது என்று ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

பன்னிரண்டு வரி. பதினொன்றில் இங்கிலீஷிலும் தெலுங்கிலும் கையெழுத்து. ஒன்பதாவது வரியில் தமிழில் ஒரு கையெழுத்து. இந்த ஹைதராபாத்தில் தமிழில் கையெழுத்துப் போடும் ஓனர் எத்தனை பேர்? தமிழில்தான் போட வேண்டும் என்று அப்பா உன் கையைப் பிடித்து எழுதவைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இ-யின் சுழியை இப்போதும் தேவைக்கு மேல் ஒரு சுற்று சுற்றுகிறாய்.

தேதி மே மாதம் இரண்டு. நான் உனக்குக் கயிற்றைப் பற்றி எழுதியதற்கு ஆறு வாரம் முன்னால். அந்தக் கடிதத்தைப் படித்தபோது உனக்குத் தெரிந்திருக்கிறது. போனில் டென்ஷன் ஆகாதே என்றபோதும் தெரிந்திருக்கிறது.

சுதாகர் முன்னால் நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. என் தம்பிதான், நல்ல பிள்ளை, படிக்காமல் போட்டிருப்பான் என்றேன். அவர் போனபிறகு அந்த ஆப்பிளை ஜெஸ்ஸியிடம் கொடுத்தனுப்பினேன்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அக்கா, உனக்குச் சாமான் எப்படி வருகிறது என்று ஐந்து வருஷத்தில் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். மாதா மாதம் மருந்துக்குப் பணம் அனுப்புகிறாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும். அந்தச் சாப்பாடு எந்த வழியாக மேலே ஏறுகிறது என்று உனக்கு ஒருநாளும் தோன்றவில்லையா?

கமலாவைக் கேட்டதாகச் சொல். ஸ்ரேயாவுக்கு என் ஆசி. உனக்கு எழுத இன்று மனம் வரவில்லை.

பூங்கோதை


குகட்பள்ளி,
6 ஆகஸ்ட் 2006

அன்புள்ள தம்பி இளங்கோவனுக்கு,

உன் கடிதம் கூரியரில் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. இடையில் பத்து நாள் காய்ச்சல். பிறகு இங்கே நடந்தது முடியட்டும், முடிவோடு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

பெயின்ட் அடிக்கச் சம்மதம் என்று சொல்லித்தான் பேப்பர் அனுப்பினார்கள், படித்துப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன். பெயின்ட் அடித்தால் வீடு நல்ல விலைக்குப் போகும் என்று சுதாகர் சொன்னதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருந்தாய். அதையும் நம்புகிறேன். பொய் சொல்லாமல் இரண்டையும் எழுதினாயே, அந்த மட்டுக்கும் நீ அப்பா பிள்ளைதான்.

அதோடு நீ அனுப்பிய இரண்டு காகிதமும் உடனே பயன்பட்டன. உன் சம்மதத்தை வாபஸ் வாங்கியதை சுதாகருக்குக் கொடுத்தனுப்பினேன். உன் சார்பாக நான் பேசலாம், ஓட்டுப் போடலாம் என்று எழுதிய இன்னொன்றை மடியிலேயே வைத்துக்கொண்டேன். மீட்டிங் வை என்றேன். கீழே பார்க்கிங்கில்தான் வழக்கம் என்றார் சுதாகர். ஓனர் வர முடியாத இடத்தில் ஓனர்கள் மீட்டிங் எப்படி நடக்கும் என்று எழுதி அனுப்பினேன். கடைசியில் ஜூலை பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் வாசலிலேயே நடந்தது. மூன்றாம் மாடி வராண்டாவில் பாயை விரித்து, கீழ் வீட்டுக்காரர்கள் எல்லோரும் படி ஏறி வந்தார்கள். சுதாகருக்கே இரைத்தது. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு நான் வெட்கப்பட வேண்டும். வெட்கம் வரவில்லை.

கதவுக்கு உள்ளே நாற்காலியில் குழாயோடு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை முதல்நாளே எழுதி வைத்திருந்தேன், ஜெஸ்ஸி அதைத் தெலுங்கில் வாசித்தாள். நடுவில் சுதாகர் எழுந்து, மனிதாபிமான அடிப்படையில் பேஷன்ட் இருக்கும் இரண்டு வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம், மேடம் மாதா மாதம் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்தால் போதும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நல்ல மனிதர் என்று ஒரு அம்மாள் சொல்லவும் சொன்னாள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சாப்பிடுவதற்கு மாதா மாதம் சர்ட்டிஃபிகேட்டா? ஜெஸ்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டு நானே பேசினேன். எனக்கு உங்கள் தயவு வேண்டாம் என்றேன். நான் எனக்கு வேண்டியதை நானே சொல்லி, என் பணத்தில் வாங்குகிறேன். அது என் கதவுக்கு வர வேண்டும். உங்கள் வீட்டிலும் நாளைக்குக் கால் ஒடியும், பிள்ளை பிறக்கும், வயசாகும், அன்றைக்கு நீங்கள் யாரிடம் சர்ட்டிஃபிகேட் வாங்குவீர்கள்? நாலு வாக்கியம் ஆகிவிட்டது. ஐந்தாவதற்கு வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கீழேயிருந்து சத்தம். ஜெஸ்ஸி தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்திருந்தாள். இருதயராஜுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போய், ஒரே ஒரு சொல்தான் மிச்சம். நாற்பது வருஷம் லாலாகுடா பட்டறையில் பழகிய ஹைதராபாத் ஹவ். ஆமாம் என்பதற்கும் அதுதான், பசிக்கிறது என்பதற்கும் அதுதான். மனிதர் கட்டிலில் படுத்தபடியே, ஹவ், ஹவ் என்று கட்டடம் அதிரக் கத்துகிறார். சிலர் சிரித்துவிட்டார்கள். நாலாம் நம்பர் வீட்டுப் பெண், நிறைமாதம் அவளுக்கு, அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். வீட்டுக்கு ஒரு ஓட்டாக எட்டுக்கு நாலு. நோட்டீஸைக் கிழித்தாயிற்று. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சாமான் கொண்டுவருகிறவர்கள் எல்லா வீட்டுக் கதவு வரைக்கும் வரலாம். வாட்ச்மேனுக்குப் பிடித்த சம்பளத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்கள். முன்பக்கம் கயிறு மட்டும் கூடாது, பெயின்ட் வீணாகும் என்றார்கள். போகட்டும், ஆள் கதவுக்கே வரும்போது கயிறு எதற்கு என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அங்கேதான் தப்புச் செய்தேன்.

மறுநாள் பத்தரைக்கு ஹாரன் கேட்டது. கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று. படியில் ஒரு விதமான சத்தம். ஒரு கால் வைக்கும் சத்தம், பிறகு இன்னொரு காலை இழுக்கும் சத்தம். வீரேசம் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஐந்து வருஷமாக அவரை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். மொபெட்டிலிருந்து இறங்கிக் கூடைக்கு இரண்டு எட்டு, அவ்வளவுதான் அவர் நடந்து நான் பார்த்தது. நாற்பது வயது ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபதுக்கு மேல் இருக்கும். லாரியில் மூட்டை இறக்கும் வேலை செய்தபோது விழுந்து வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டதாம். அதன் பிறகுதான் கடையே வைத்தாராம். முகமெல்லாம் வியர்வை, வேட்டி நனைந்திருக்கிறது, ஆனால் முட்டை ஒன்றுகூட உடையவில்லை.

உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினேன். அவரும் பேச முடியாமல் இரைத்துக்கொண்டிருந்தார், நானும் இரைத்துக்கொண்டிருந்தேன்.  பிறகு தண்ணீர் கொடுத்தேன். முழங்கால் இப்படி இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் எனக்காக அத்தனை பேரோடு சண்டை போட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள், என்னால் ஏற முடியாது என்று எப்படிச் சொல்வது அம்மா என்றார். தினமும் வருகிறேன், மெதுவாக வருகிறேன் என்றார்.

அன்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. சாமான் எப்படி மேலே ஏறுகிறது என்று நீ கேட்கவில்லை என்று உனக்கு ஒரு பக்கம் எழுதினேனே, அதைக் கொண்டுவருகிறவர் எப்படி நடக்கிறார் என்று நான் ஒருநாள் கேட்டேனா? முதல் கயிற்றை வாங்கி வந்து கட்டச் சொன்னதே அவர்தான். எனக்கு ஒத்தாசை என்று சொல்லி வாங்கிவந்தார், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். நீ செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆனால் உன்னைத் திட்டும்போது இனிமேல் என் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.

மறுபடி சுதாகரிடம் கேட்டேன். பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற பால்கனியிலிருந்து கயிறு விடலாமா, அங்கே சந்துதான், யார் கண்ணிலும் படாது என்றேன். அடுத்த மீட்டிங்கில் வைக்கலாம் என்றார். அடுத்த மீட்டிங் தீபாவளிக்குப் பிறகாம். நக்கோ, அதெல்லாம் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனை வைத்தேன். அன்று சாயங்காலமே ஜெஸ்ஸி நைலான் கயிறு வாங்கிவரச் சொல்லி, என் பின்பக்கத்து பால்கனிக் கம்பியில் கட்டிவிட்டாள். பதினெட்டு நாளாக வீரேசம் சந்து வழியாகத்தான் வருகிறார். இதுவரை யாரும் கேட்கவில்லை. நாலாம் நம்பர் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, பேர் நிகிலாம். அவர்கள் வீட்டு பால்கனியிலும் நேற்று ஒரு கயிறு பார்த்தேன். சுதாகர் அறுக்கட்டும். அறுத்தால் இன்னொன்று கட்டுவோம். கயிறு மீட்டர் நாலு ரூபாய்தான்.

இழுப்பதுதான் முன்போல இல்லை. நாலு இழுப்புக்கு ஒரு ஓய்வு என்றிருந்தது, இப்போது இரண்டுக்கு ஒன்று. முந்தாநாள் டாக்டர் வந்து மிஷினைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். தம்பி எங்கே இருக்கிறார் என்று கேட்டார். பூனாவில், பெரிய வேலை என்றேன். போன் நம்பர் எழுதிக்கொண்டார். அவரிடமிருந்து போன் வந்தால் பயப்படாதே.

வீட்டை விற்பது பற்றி எழுதியிருந்தாய். லிஃப்ட் உள்ள இடமாகப் பூனாவில் உன் பக்கத்திலேயே பார்க்கிறேன் என்கிறாய். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறாய். இந்த மூச்சை வைத்துக்கொண்டு நான் ரயிலில் பூனா வரைக்கும் வருவதாக நீ உண்மையில் நினைக்கிறாயா? வாங்குகிறவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். ரொம்ப நாள் பொறுக்க வேண்டியிருக்காது. பெயின்ட் இரண்டு வருஷம் உழைக்குமாம்.

நான் கேட்பது வேறு. தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதாதே. அது அக்டோபரில். இந்த மாதமே லீவு கேட்டு வா. கமலாவுக்கு வேலை இருந்தால் ஸ்ரேயாவை மட்டும் கூட்டிக்கொண்டு வா. பத்தாம் வகுப்பில் எண்பத்தொன்று வாங்கிய குழந்தையை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வரும்போது பழம், ஸ்வீட், ஹார்லிக்ஸ் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. வேண்டியதெல்லாம் எனக்குப் பின்பக்கமாக வந்துவிடுகிறது. நீ முன்பக்கப் படி ஏறி வெறுங்கையோடு வா. கதவைத் திறந்துவைத்திருப்பேன்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. போன கடிதத்தில் எழுதாமல் விட்ட ஆசியையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்.

உன் அக்கா,
பூங்கோதை